பெற்றோல் செட் மண் சோதனை: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட் நடத்தும் முகவர்கள், செட்டைக் குத்தகைக்கு எடுக்க இருப்பவர்கள், ஒரு காலத்தில் செட் இருந்த காணிக்கு முற்பணம் கொடுத்துவிட்டு யோசிப்பவர்கள், செட்டின் பின்மதிலுக்கு அப்பால் கிணறு வைத்திருப்பவர்கள் ஆகிய நான்கு வகையினரும் மாசு ஆய்வுத் தொழிலில் இருக்கும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் ஒரே நீளத்தில் இல்லை. பணமும் பிழையும் எங்கே அதிகமோ அங்கே நீண்டிருக்கின்றன.

தினமும் தாங்கிக்குள் கோல் விட்டு அளக்கிறோம், கணக்கும் சரியாக வருகிறது. பிறகு எதற்கு மண் சோதனை?

கோல் பெரிய கசிவைக் காட்டும், சிறியதைக் காட்டாது. பெற்றோலின் சூடு ஒரு பாகை செல்சியஸ் மாறினால் அதன் கனவளவு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். 10,000 லீற்றர் இருப்பில் அது 10 லீற்றர். வெயிலில் வந்த பவுசரிலிருந்து இறங்கிய பெற்றோல் நிலத்தடித் தாங்கியில் இரண்டு மூன்று பாகை குளிர்ந்தாலே 20, 30 லீற்றர் கணக்கில் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு சிறு கசிவு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கலாம்.

தாங்கி இறுக்கச் சோதனை செய்தோம், தேறிவிட்டது என்று சிலர் சான்றிதழைக் காட்டுவார்கள். அமெரிக்க விதிகளின்படி அந்தச் சோதனை மணிக்கு 0.1 கலன், அதாவது சுமார் 0.38 லீற்றர் கசிவைக் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தால் போதும். பெருக்கிப் பாருங்கள்: நாளுக்கு 9 லீற்றர், ஆண்டுக்கு 3,300 லீற்றர். அதற்குச் சற்றுக் கீழே கசியும் தாங்கியும் அந்தச் சான்றிதழை வாங்கிவிடலாம்.

இன்னொரு அடையாளத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோலின் நுனியில் தடவும் நீர்ப் பசை, அதாவது தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை, அடிக்கடி நிறம் மாறுகிறதா? வாய்மூடி வழியாக மழைநீர் இறங்கியிருக்கலாம். அது இல்லையென்றால், தாங்கியில் உள்ள துளை வழியாக நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் துளை வழியாகத்தான் தை, மாசியில் நீர்மட்டம் இறங்கியதும் பெற்றோல் வெளியே போகும்.

பொதுவாக எந்த இடத்தில் கசிகிறது?

எல்லோரும் தாங்கியைத்தான் சந்தேகிக்கிறார்கள். குழாய் மூட்டுகளும், பம்பின் அடியில் உள்ள இணைப்புகளும், பவுசர் இறக்கும் வாயைச் சுற்றிய மண்ணும் அதைவிட அதிகம் சந்தேகிக்கப்பட வேண்டியவை. பவுசர்க் குழாயைக் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் சிந்தும் அரை லீற்றர் யாருடைய கணக்கிலும் ஏறாது. இருபது வருடம் அப்படிச் சிந்தினால் அந்த இடத்து மண் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாகனம் கழுவி எண்ணெய் மாற்றும் பகுதியும் உள்ள செட்டானால் பழைய எஞ்சின் எண்ணெய்க் குழி, எண்ணெய் பிரிப்பான், அங்கிருந்து தெரு வடிகானுக்குப் போகும் குழாய் மூன்றையும் பட்டியலில் சேருங்கள். எண்ணெய் பிரிப்பான் என்று பெயர் பெற்ற பல தொட்டிகளுக்கு அடித்தளமே வெடித்திருக்கும்.

2022 தட்டுப்பாட்டின்போது எங்கள் தாங்கிகள் பல நாள் வெறுமையாகக் கிடந்தன. அதனால் பாதிப்பு வந்திருக்குமா?

வந்திருக்கலாம். இது நல்ல கேள்வி, ஆனால் பலருக்குத் தோன்றாத கேள்வி. 20,000 லீற்றர் தாங்கி நிலத்தடி நீருக்குள் முழுவதும் மூழ்கியிருந்தால் அதை மேலே தள்ளும் விசை 20 தொன் எடைக்குச் சமம். எரிபொருள் நிறைந்திருக்கும்போது அதன் எடை பெரும்பகுதியை ஈடுசெய்யும். வெறுமையானால் மேலே உள்ள மண்ணும் கொங்கிறீற்றும் பிடிபட்டிகளும்தான் தாங்கியைக் கீழே வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும் வரிசைகளும் ஒன்றாகவே வந்தன. தாங்கி கண்ணுக்குத் தெரிந்து மிதக்க வேண்டியதில்லை. சில மில்லிமீற்றர் அசைந்தாலே குழாய் மூட்டு ஒன்று தளர்ந்துவிடும். தரைக் கொங்கிறீற்றில் புதிய வெடிப்பு, தாங்கி மூடி சாய்ந்திருத்தல், 2022க்குப் பிறகு நீர்ப் பசை நிறம் மாறத் தொடங்கியது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்து நிலத்தில் மண் மாதிரி எடுக்க ஒரு துளை போடுங்கள்.

கொழும்பு மண்ணில் எரிபொருள் எப்படிப் பரவும்?

கொழும்பு மண் என்று ஒரே மண் கிடையாது. நான் முதலில் கேட்பது செட் எந்த மண்ணில் நிற்கிறது என்பதைத்தான். துளை எங்கே, எவ்வளவு ஆழம், ஆய்வகத்தில் எந்தச் சோதனை என்ற மூன்றும் அதைப் பொறுத்தே மாறும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே மணல். எரிபொருள் மணலில் நேரே கீழே இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் பரவும். பெற்றோல் தண்ணீரைவிட இலேசானது, லீற்றருக்குச் சுமார் 0.74 கிலோகிராம்தான், அதனால் மிதக்கும். மேல் ஒரு மீற்றர் மண் சுத்தமாக இருந்து நீர்மட்டத்தில் மட்டும் கெட்டிருக்கும் நிலை இங்கே சாதாரணம். மேலாக வழித்தெடுத்த மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி, சுத்தம் என்ற தாளை வாங்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியினர்தான்.

மேட்டு நிலங்களில் செம்பூரான் கல், சிங்களத்தில் கபொக். மேலே கடினமான ஓடு போல இருக்கும். அதற்குள் விரல் தடிப்பில் குழல்களும் பொந்துகளும் ஓடும். அதன் கீழே மென்மையான களி. எரிபொருள் குழல்களைப் பிடித்துக்கொண்டு எதிர்பாராத பக்கத்துக்கு ஓடிவிடும். ஒரு துளையில் ஒன்றுமில்லை, இரண்டு மீற்றர் தள்ளி அடுத்த துளையில் நாற்றம் தாங்க முடியவில்லை என்பதெல்லாம் செம்பூரானில் வியப்பில்லை. இங்கே துளைகளின் எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கொலன்னாவை, ஒருகொடவத்தை போன்ற தாழ்நிலங்களில் கதையே வேறு. சதுப்பு, அதன்மேல் பல தலைமுறைகளாகக் கொட்டி உயர்த்திய நிரப்பு மண். நீர்மட்டம் அரை மீற்றரில் இருக்கலாம். அடியில் உள்ள முற்றா நிலக்கரி, அதாவது மட்கிய தாவரக் கறுப்பு மண், எரிபொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பரவல் மெதுவாகும் என்பது நன்மை. ஆய்வக எண்ணைக் குழப்பும் என்பது தீமை, அதைக் கீழே சொல்கிறேன். நிரப்பு மண் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு தலைவலி. உங்கள் செட்டின் மண்ணில் கிடைக்கும் எண்ணெய் எல்லாம் உங்கள் எண்ணெய் என்று ஒப்புக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

ஆய்வகத்தில் எதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்?

'எண்ணெய் இருக்கிறதா பாருங்கள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் 'எண்ணெயும் கிரீஸும்' என்ற பொதுச் சோதனையைச் செய்து தருவார்கள். அது கழிவுநீருக்கு ஏற்ற சோதனை. பெற்றோலின் இலேசான பகுதி அந்தச் செய்முறையிலேயே ஆவியாகிவிடும்.

பெற்றோல் இருந்த இடத்துக்குப் பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் கேளுங்கள். ஆய்வகத்தார் இவற்றைச் சேர்த்து பீடெக்ஸ் என்பார்கள். கூடவே மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன் அளவைக் காபன் எண்ணிக்கைப்படி பிரித்துத் தரச் சொல்லுங்கள். பெற்றோல் ஏறத்தாழ நான்கு முதல் பன்னிரண்டு காபன் வரை. டீசல் பத்திலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை. மண்ணெண்ணெய் இடையில். எஞ்சின் எண்ணெய் இன்னும் கனமானது. பிரித்துக் கொடுத்தால்தான் கசிந்தது எந்தத் தாங்கி என்பது தெரியும். டீசலும் பழைய எண்ணெயும் இருந்த இடத்தில் நப்தலீன் உள்ளிட்ட பல்வளைய அரோமற்றிக் சேர்மங்களையும் சேருங்கள்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பிருந்தே இயங்கிய செட் என்றால் ஈயத்தையும் சோதியுங்கள். பென்சீன் காலப்போக்கில் சிதைந்து போகும், ஈயம் போகாது.

எத்தனை துளை? எங்கெங்கே?

எண்ணிக்கையிலிருந்து தொடங்குபவரை வேலைக்கு வைக்காதீர்கள். முதலில் செட்டின் பழைய வரைபடத்தைக் கேட்க வேண்டும். தாங்கிகள் இப்போது இருக்கும் இடம், முன்பு இருந்த இடம், கைவிட்டு மணல் நிரப்பிய தாங்கி, பம்புத் தீவு, அதாவது பம்புகள் நிற்கும் மேடை, மாற்றப்பட்டதா, குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். வரைபடம் இல்லையென்றால் அங்கே நெடுங்காலம் வேலை செய்த பம்புக்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எந்த நிலத்தடி ராடரையும்விட அவர் நன்றாகச் சொல்வார்.

அதன்பிறகு தாங்கிக் குழியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று, பவுசர் இறக்கும் வாயருகே ஒன்று, ஒவ்வொரு பம்புத் தீவின் அருகிலும் ஒன்று, குழாய் வளையும் அல்லது இணையும் இடத்தில் ஒன்று, எண்ணெய் பிரிப்பானுக்கு அருகே ஒன்று. நிலத்தடி நீர் வந்து நுழையும் பக்கத்து எல்லையில் ஒன்று வையுங்கள், அது ஒப்பீட்டுக்கு. நீர் வெளியேறும் பக்கத்து எல்லையில் ஒன்றுக்கு மேல். தாங்கியைத் தோண்டி எடுக்கும் சமயமானால் துளையே வேண்டாம். குழியின் சுவர்களிலும் அடித்தளத்திலும் இருந்து நேரடியாக மாதிரி எடுக்கலாம். அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் பாதிச் செட்டுகளில் தாங்கியைத் தூக்கிய அன்று மாலையே குழியை மூடிவிடுகிறார்கள்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

கடலும் கால்வாயும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து ஊகிக்கலாம், உறுதி செய்ய மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். வரிசையாக இல்லாமல் முக்கோணமாக அமைத்து மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால் சாய்வு தெரியும். துளைகளுள் மூன்றில் 50 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. கீற்றுக் குழாய் இறக்கி, சுற்றிச் சல்லி போட்டு, மேலே பென்ரோனைற்றுக் களியால் அடைத்தால் கிணறு தயார்.

இன்றைய கொழும்பில் இன்னொரு காரணி இருக்கிறது. பக்கத்துக் காணியில் மாடிக் கட்டடத்துக்கு ஆழமான கீழ்த்தளம் தோண்டும்போது இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். நிலத்தடி நீர் அந்தப் பக்கம் திரும்பிவிடும், மிதக்கும் எரிபொருளும் கூடவே போகும். கடலை நோக்கித்தான் ஓடும் என்று பாடப்புத்தகம்போல் எழுதிய அறிக்கை அந்த ஆண்டில் பொய்யாகிவிடும்.

எவ்வளவு ஆழம் வரை?

நீர்மட்டத்தைத் தாண்டி ஒன்று இரண்டு மீற்றர், தாங்கி அருகே தாங்கியின் அடியைவிட ஆழமாக. ஒவ்வொரு மீற்றரிலும், மண்ணின் நிறமோ தன்மையோ மாறும் இடத்திலும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயும் மாதிரி எடுங்கள். எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரியை நாமே எடுத்து அனுப்பினால் செலவு குறையுமே?

குறையும், எண்ணும் குறையும். மண்வெட்டியால் கிளறி, ஷொப்பிங் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, மதிய வெயிலில் முச்சக்கர வண்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் பென்சீனில் பெரும்பகுதி வழியிலேயே காற்றோடு போயிருக்கும். அறிக்கை அழகாக வரும். அந்த அழகை நம்பிக் காணி வாங்குபவர்தான் பாவம்.

முறையாகச் செய்வதென்றால் இப்படி. துளையிடும் கருவியிலிருந்து வந்த மண் நிரலின் வெளிப்புறத்தைச் சுரண்டிவிட்டு, உள்ளே இருந்து சிறு குழல் ஒன்றால் சுமார் 5 கிராம் மண்ணை எடுத்து, ஆய்வகம் கொடுத்த மெத்தனோல் உள்ள 40 மில்லிலீற்றர்ச் சீசாவில் உடனே போட்டு மூட வேண்டும். மெத்தனோல் பென்சீனைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். டீசல் வகைகளுக்குக் கண்ணாடிப் போத்தல், டெஃப்ளோன் உட்படலம் உள்ள மூடி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை மண். பிளாத்திக்குப் போத்தல் வேண்டாம், அது ஐதரோகாபனை உறிஞ்சும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கையுறை. துளைகளுக்கு இடையில் கருவியைக் கழுவ வேண்டும். ஐஸ் பெட்டியில் 4 பாகை அளவில் வைத்து, முடிந்தால் அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மெத்தனோலில் இட்ட மாதிரிக்கு 14 நாள் அவகாசம் உண்டு. எதிலும் இடாமல் குளிரில் மட்டும் வைத்த மாதிரிக்கு 48 மணி நேரம்தான்.

கூடவே மூன்று காவல் ஏற்பாடுகள். ஏறத்தாழ 20 மாதிரிக்கு ஒன்று என்ற கணக்கில் இரட்டை மாதிரி. ஐஸ் பெட்டியோடு போய்த் திரும்பும் ஒரு வெற்றுச் சீசா, வழியில் கலப்பு நடந்ததா என்று காட்ட. யார் எடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்று கையொப்பத்தோடு எழுதும் ஒப்படைப்புப் படிவம். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணி முதலில் கேட்பது இந்தப் படிவத்தைத்தான்.

கையில் பிடித்து ஆவியை அளக்கும் கருவி இருக்கிறதே, அது போதாதா?

எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று தெரிவு செய்ய அது போதும், மிக நன்று. மண்ணைப் பையில் இட்டுச் சில நிமிடம் வைத்து அந்த ஆவியை அளப்பார்கள். அளவு அதிகமுள்ள ஆழத்து மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். தீர்ப்புச் சொல்ல அது போதாது. எந்தச் சேர்மம் என்று அது பிரித்துக் காட்டாது, டீசலை அரைகுறையாகவே உணரும், கொழும்பின் ஈரக்காற்றில் எண் தடுமாறும்.

சதுப்பு நிலத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். வெடிவாயு மானி அலறும், கையில் பிடிக்கும் அந்த ஆவிமானி, அதாவது ஒளியயன் கருவி, பேசாமல் இருக்கும். அங்கே இருப்பது பெற்றோல் ஆவியல்ல, சதுப்பிலிருந்து எழும் மெதேன். வழக்கமான 10.6 இலத்திரன்வோல்ற்று விளக்குள்ள கருவி மெதேனைக் காணாது. மாசு இல்லை என்பதற்காகச் சுருட்டுப் பற்றவைத்துவிட வேண்டாம், மெதேனும் வெடிக்கும்.

வேலை நடக்கும்போது செட்டை மூட வேண்டுமா?

துளையிடும் பகுதியையும் அதை ஒட்டிய பம்புகளையும் மூடினால் பெரும்பாலும் போதும். பெற்றோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் குழிக்குள் தேங்கி நிற்கும். ஆகவே குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது, வெட்டுவாளியால் மண்ணை மேலே கொண்டுவந்து மாதிரி எடுக்க வேண்டும். இயந்திரம் இறங்குமுன் முதல் ஒன்றரை மீற்றரைக் கையால் தோண்டிக் குழாயும் மின்கம்பியும் இல்லையென்று பார்க்க வேண்டும். இந்த விதியைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரரை அன்றே வீட்டுக்கு அனுப்பலாம்.

மழைக்காலத்தில் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், ஆனால் ஒரே தடவையோடு நிறுத்தாதீர்கள். நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் எரிபொருளில் ஒரு பகுதி நீருக்குள் மூழ்கிய மண்ணில் சிக்கிவிடும், கிணற்றில் படலம் மெலிந்ததுபோல் தெரியும். கோடையில் மட்டம் இறங்கியதும் மீண்டும் சேரும். ஐப்பசி மழையில் ஒரு தடவையும் மாசியில் ஒரு தடவையும் அளந்த செட்டைப் பற்றித்தான் நம்பிக்கையாகப் பேச முடியும்.

எந்த ஆய்வகத்துக்குக் கொடுப்பது?

கொழும்பிலேயே கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அரச ஆய்வகங்களும் தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. பெயரைவிட முக்கியம், ஆய்வகங்களின் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தராதர அங்கீகாரம் உங்களுக்கு வேண்டிய அதே சோதனைக்கு, அதே பொருளுக்கு இருக்கிறதா என்பது. நீரில் பென்சீன் அளக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் மண்ணில் அளக்கவும் பெற்றிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரத்தின் அட்டவணையைக் கேட்டு வாசியுங்கள். மெத்தனோல் சீசா தருவீர்களா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எதிர்முனையில் திகைப்பு வந்தால் அடுத்த ஆய்வகத்தை அழையுங்கள்.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று இருக்கிறது. நிம்மதிதானே?

அதன் பக்கத்தில் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். நீங்கள் ஒப்பிடப்போகும் அளவு கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம், கருவியின் எல்லை 5 மில்லிகிராம் என்றால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. எண்கள் உலர் எடைக்குக் கணக்கிடப்பட்டவையா என்றும் பாருங்கள். கொலன்னாவைச் சதுப்பு மண்ணின் எடையில் பாதிக்கு மேல் நீராக இருக்கலாம், ஈர எடையில் கணக்கிட்டால் மாசு பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

இனிச் சதுப்பு மண்ணின் குழப்பம். மட்கிய தாவரப் பொருளிலும் மெழுகுகளும் நீண்ட காபன் சங்கிலிகளும் உண்டு. மொத்த ஐதரோகாபன் சோதனைக்கு அவற்றையும் டீசலையும் பிரித்தறியத் தெரியாது. எரிபொருளே காணாத சதுப்பில்கூட நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கு மேல் மில்லிகிராம் காட்டும். தாவரப் பொருளைப் பிடித்து விலக்கும் சிலிக்கா ஜெல் சுத்திகரிப்புச் செய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சேர்மங்களைக் கூர்முனைகளாகக் காட்டும் குரோமற்றோகிராம் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். புதிய டீசல் ஒழுங்கான இடைவெளியில் நிற்கும் முட்கம்பி வேலிபோல் கூர்முனைகளைக் காட்டும். தாவரப் பொருள் கனமான பக்கத்தில் ஒழுங்கற்ற சில முனைகளாக நிற்கும். ஒரு தாளைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினால் பல இலட்சம் ரூபாய் பெறுமதியான மண்ணைத் தேவையில்லாமல் அள்ளுவதைத் தவிர்க்கலாம்.

எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து?

இலங்கையில் மாசு ஆய்வில் பணிபுரிவோர் பெரும்பாலும் வெளிநாட்டு அளவுகோல்களோடு ஒப்பிடுகிறார்கள். அதிகம் எடுத்தாளப்படுவது நெதர்லாந்தின் தலையீட்டு அளவு, அதாவது தாண்டினால் மண்ணில் நடவடிக்கை தேவைப்படலாம் என்ற அளவு: உலர் மண்ணில் கிலோகிராமுக்குப் பென்சீன் 1.1 மில்லிகிராம், கனிம எண்ணெய் 5,000 மில்லிகிராம். ஆனால் அது 10 சதவீதம் சேதனப் பொருளும் 25 சதவீதம் களியும் உள்ள மண்ணுக்குச் சொன்னது. வெள்ளவத்தை மணலுக்கு அதைத் திருத்தாமல் பொருத்தினால் மண்ணுக்குச் சலுகை காட்டியதாகும். ஆஸ்திரேலிய வழிகாட்டல் மண்ணின் வகை, ஆழம், மேலே வீடா கடையா என்பதற்கேற்ப அளவை மாற்றுகிறது. மணலில் முதல் மீற்றருக்குள், மேலே வீடு என்றால், பென்சீன் 0.5 மில்லிகிராம், வர்த்தகக் கட்டடம் என்றால் 3. இந்த அணுகுமுறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. செட் செட்டாகவே தொடரப் போகிறதா, அங்கே மாடி வீடு எழப் போகிறதா என்று சொல்லாமல் 'பாதுகாப்பான அளவு' ஒன்றைக் கேட்பதில் பயனில்லை.

எங்கள் கிணறு செட்டுக்குப் பின்னால் இருக்கிறது. குழாய்நீர் வந்தபிறகு அதைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான் பாவிக்கிறோம். பயப்பட வேண்டுமா?

பயத்துக்கு முன் ஒரு கணக்கு. குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு லீற்றர்ப் பெற்றோலில் ஒரு சதவீதம் பென்சீன் என்று வைத்தால் அதில் 7.4 கிராம் இருக்கும். அவ்வளவும் கரைந்தால் 740,000 லீற்றர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும், அதாவது 13,200 லீற்றர்ப் பவுசர்கள் 56. மண்ணிலும் காற்றிலும் பெரும்பகுதி போய்விடும், முழுவதும் கரையாது. ஆனாலும் சிறு கசிவு என்ற சொல் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்று புரியும்.

மூக்கையும் நாக்கையும் நம்ப வேண்டாம். பென்சீன் ருசியில் தெரிய லீற்றருக்கு அரை மில்லிகிராமாவது வேண்டும், அது குடிநீர் அளவின் 50 மடங்கு. கொதிக்க வைப்பதும் தீர்வல்ல, நீரிலிருந்து வெளியேறும் பென்சீன் உங்கள் சமையலறைக் காற்றில்தான் சேரும். வெந்நீரில் குளிக்கும்போதும் அப்படியே. பென்சீன் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வகையில் இருப்பது.

செய்ய வேண்டியது எளிது. கிணற்று நீரில் பீடெக்ஸ் சோதனை, காற்றிடைவெளி இல்லாத கண்ணாடிச் சீசாவில், வாளியால் கலக்காமல் நீர் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழிருந்து எடுத்து. முடிவு வரும்வரை மோட்டார் போட்டு இறைப்பதைக் குறையுங்கள். இறைக்க இறைக்க அந்தப் பக்கத்து நீரைக் கிணறு தன்னிடம் இழுக்கும்.

சுன்னாகத்தில் நடந்தது இங்கும் நடக்குமா?

யாழ்ப்பாணத்து உறவுகளுள்ள எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். சுன்னாகம் மின்நிலையப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள், குகைவழிகள் வழியே நீர் தூரம் ஓடும். முழு ஊரும் கிணற்றை நம்பி வாழ்கிறது. கொழும்புக்குக் குடிநீர் அம்பத்தலையிலும் லபுகம, களட்டுவாவையிலும் இருந்து வருகிறது. ஆகவே ஓர் ஊரே பாதிக்கப்படும் நிலை அரிது, ஒரு தெருவில் நான்கைந்து வீடுகள் பாதிக்கப்படும் நிலை அரிதல்ல. சுன்னாகத்துக்குக் கிடைத்த கவனம் இந்த நான்கைந்து வீடுகளுக்குக் கிடைப்பதில்லை.

செட் கைமாறும்போது சோதனை அவசியமா?

என்னைக் கேட்டால் அதுதான் முதலாவது அவசியம். 2023 இல் சினொபெக் வந்தபோது 150 நிலையங்களுக்கு வழங்கல் உரிமை கிடைத்தது. அதற்கு முன்பு இந்திய எண்ணெய் நிறுவனத்தின் லங்கா கிளை, அதற்கும் முன்பு பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மட்டும். பெயர்ப்பலகை மாறும், நிலத்தடித் தாங்கி பெரும்பாலும் பழையதுதான். சில செட்டுகளில் காணியும் தாங்கியும் கூட்டுத்தாபனத்துடையவை, நடத்துபவர் முகவர். சிலவற்றில் எல்லாம் முகவருடையவை. கையெழுத்திடும் நாளில் மண் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஓர் அடிப்படை அறிக்கை இல்லையென்றால், பத்து ஆண்டு கழித்து வெளிவரும் பழைய கசிவு கடைசியாக இருந்தவர் தலையில் விழும். ஒப்பந்தத்தில் தாங்கி யாருடையது, மாசு யார் பொறுப்பு என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசுகள் பேர்ச் கணக்கைச் சரிபார்ப்பார்கள், மண்ணைப் பற்றி நீங்களாகக் கேட்டால்தான் எழுதுவார்கள்.

மாசு என்று உறுதியானால் என்ன செய்வது?

முதலில் கசிவை நிறுத்துங்கள். ஓடும் குழாயை மூடாமல் தரையைத் துடைக்கும் வேலையை நானே பலமுறை கண்டிருக்கிறேன். மிதக்கும் எரிபொருள் இருந்தால் அடுத்து அதை இறைத்தெடுக்க வேண்டும். பிறகு மண். சிறு பகுதியானால் தோண்டி அகற்றலாம். மணலும் பெற்றோலும் என்றால் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறை நன்றாக வேலை செய்யும். களியிலும் சதுப்பிலும் அதை நம்பாதீர்கள். டீசலைத் தின்னும் நுண்ணுயிர்கள் எல்லா மண்ணிலும் இருக்கின்றன, கொழும்பின் வெப்பம் அவற்றுக்குப் பிடிக்கும். காற்றும் கொஞ்சம் பசளையும் கிடைத்தால் பரப்பிய மண்ணைச் சில மாதங்களில் தேற்றிவிடும். நீர் தேங்கிய சதுப்பில் காற்றில்லாததால் அங்கே அந்த வேகம் வராது.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது?

கொட்டவே கூடாது. எரிபொருள் ஊறிய மண்ணைத் தாழ்நிலம் நிரப்பக் கேட்டு வாங்கும் லொறிக்காரர்கள் இருக்கிறார்கள், இலவசமாகவே எடுத்துப் போவார்கள். உங்கள் மாசு அடுத்தவன் வீட்டு அத்திவாரத்துக்கு அடியில் போகும் என்பதே அதன் பொருள். அபாயகரமான கழிவுகளை எடுத்துச் செல்லவும் அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். அத்தகைய உரிமம் பெற்றவர்கள் மூலம் புத்தளம் சிமெந்துச் சூளையில் எரிப்பது இலங்கையில் நடைமுறையில் உள்ள வழி. எடைக்குத்தான் பணம், அதனால் நல்ல மண்ணையும் கெட்ட மண்ணையும் தோண்டும்போதே பிரித்துக் குவியுங்கள்.

அரச அதிகாரிகளுக்குச் சொன்னால் செட்டை மூடிவிடுவார்களா?

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற்றே செட் இயங்க வேண்டும். கசிவு கண்டவுடன் நீங்களே அறிவித்து, எப்போது என்ன செய்வீர்கள் என்ற திட்டத்தையும் கையில் கொண்டுபோனால் பேச்சு ஒரு விதமாக இருக்கும். பின்வீட்டுக்காரர் கிணற்று நீரைப் போத்தலில் அடைத்து அதிகாரசபைக்குக் கொண்டுபோன பிறகு அழைத்தால் வேறு விதமாக இருக்கும்.

மொத்தச் செலவைக் குறைக்க வழி?

துளையிடும் இயந்திரத்தின் நாள் வாடகையும் ஆய்வகக் கட்டணமும்தான் செலவின் பெரும்பகுதி. இயந்திரம் வந்த நாளில் துளைகளைக் கூட்டுங்கள், ஆவிமானியால் வடிகட்டி ஆய்வகத்துக்குப் போகும் சீசாக்களைக் குறையுங்கள். மீதியை ஆய்வகக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், முதல் முடிவு சந்தேகம் தந்தால் 14 நாளுக்குள் அவற்றையும் ஓட்டலாம். தாங்கி மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டு வேலையையும் ஒரே வாரத்தில் வையுங்கள், தரையை ஒரு தடவை உடைத்தால் போதும்.